இரத்தப் பரிசோதனையும் குடல் புற்றுநோயும்: ஒரு வணிகரின் அனுபவம்



சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் மருத்துவ முகாமில் இம்முறை உறுப்பினர்கள் அனைவருக்கும் ‘புற்றுநோய் இரத்தப் பரிசோதனை’ செய்து கொடுக்கலாம், ஒரு பரிசோதனை நிலையம் சலுகைக் கட்டணத்தில் செய்துதர முன்வந்திருக்கிறது என்றார்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் ஒருவன்தான் வேண்டாம் என்றேன்.

“அண்ணாச்சி, உங்களைக் காப்பாத்துனதே அந்த டெஸ்ட்தானே? நீங்களே வேண்டாம்னு சொன்னா எப்படி?” என்று ஓர் இளைய உறுப்பினர் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம். அதற்குள் என் தரப்பை எழுதிக் கொடுக்கும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு, நாற்பது வருடங்களுக்கு மேலாக மேற்குத் தாம்பரத்தில் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்து வருபவன். என் உடம்பில் பட்டதையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

கல்லாவில் ஓட்டை

2021 தீபாவளி வியாபாரத்தின்போது எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிடங்கின் மாடிப்படி பதினாறு படிதான். அதில் இரண்டு முறை நின்று ஏறினேன். கொரோனா வந்துபோன உடம்பு, வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. ஆண்களுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரம் சாப்பிட்டேன். 8.6 ஆனது.

எங்கள் தெருவில் புதிதாக வந்த ஒரு பெண் டாக்டரிடம் என் மனைவி அழைத்துப் போனாள். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஐயா, கல்லாவில தினமும் பணம் குறைஞ்சா என்ன செய்வீங்க? எங்க போகுதுன்னு பார்ப்பீங்களா, இல்ல மேல மேல பணம் போட்டுக்கிட்டே இருப்பீங்களா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆணுக்கு இரும்புச் சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்றார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது பொருந்தும். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தால் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் மலத்தோடு கலந்து போய்விடும். எனக்கு வயிற்று வலியும் இல்லை, இரத்தம் போவதும் தெரியவில்லை. மலப் பரிசோதனையில்தான் இரத்தக் கசிவு தெரிந்தது. ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் கட்டியும் தெரிந்தது. 2022 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, ஆபரேஷன் நடந்தது. அப்போது எனக்கு வயது 62.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் நோயைக் கண்டுபிடித்தது ‘புற்றுநோய் இரத்தப் பரிசோதனை’ அல்ல. சாதாரண ஹீமோகுளோபினும், மலப் பரிசோதனையும், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு டாக்டரும்தான்.

சி.இ.ஏ. என்பது என்ன?

ஆபரேஷனுக்கு முன் என் கையில் இரத்தம் எடுத்து சி.இ.ஏ. என்ற பரிசோதனை செய்தார்கள். கார்சினோ எம்ப்ரியோனிக் ஆன்டிஜன் என்பதன் சுருக்கம். 1965-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தது. தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் குடலில் இந்தப் புரதம் இருக்கும். பிறந்தபின் மிகவும் குறைந்துவிடும். குடலில் புற்றுக்கட்டி வந்தால், அந்தக் கட்டி இதை மறுபடி உற்பத்தி செய்து இரத்தத்தில் விடலாம். பொதுவாக ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் 5 நானோகிராமுக்குள் இருந்தால் சரி என்று கொள்கிறார்கள்.

எனக்கு 18.4 இருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 2.6. கட்டியை முழுமையாக எடுத்துவிட்டால் நாலிலிருந்து ஆறு வாரத்தில் இந்த எண் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கலாம் என்று பொருள்.

கட்டிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு நிணநீர் முடிச்சுகளிலும் நோய் இருந்ததால், ஊசியும் மாத்திரையுமாக எட்டுச் சுற்று மருந்து ஏற்றினார்கள். அந்த ஆறு மாதமும் குளிர்ந்த பொருளைத் தொட முடியாது. கடை ஃப்ரிட்ஜில் கை வைத்தால் ஷாக் அடித்ததுபோல் இருக்கும். விரல் நுனி மரத்துப்போய் நோட்டு எண்ண முடியவில்லை. நாற்பது வருடம் நோட்டு எண்ணிய கை இது. மகன் எண்ணிக் கொடுக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சி.இ.ஏ. பார்க்கச் சொன்னார்கள். முதல் இரண்டு அல்லது மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்து வருடம் முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான நடைமுறை. இடையிடையே சி.டி. ஸ்கேனும், ஓராண்டு முடிந்ததும் மறுபடி கொலனோஸ்கோப்பியும் உண்டு. சி.இ.ஏ. பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கடை திறக்கும் முன்போ மதிய நேரத்திலோ போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

நான் ஒரு பழைய சிட்டைப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வந்தேன். 2.4, 2.7, 3.0. 2023 ஜூனில் 5.9. அன்று இரவு தூக்கம் வரவில்லை. “ஒரு எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, நாலு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம்” என்றார் டாக்டர். ஜூலையில் 9.1. உடனே சி.டி. ஸ்கேன். கல்லீரலில் ஒரே ஒரு இடத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டி. ஆகஸ்டில் கல்லீரலின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப்பின் இன்றுவரை எண் 3-ஐத் தாண்டவில்லை. இப்போது எனக்கு 66 வயது. தினமும் காலையில் கடையைத் திறப்பது நான்தான்.

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடும் என்று சொல்ல முடியாது. திரும்பி வரும் நோய் சிலருக்கு ஆபரேஷன் செய்ய முடியாத நிலையில்தான் தெரியவரும். எனக்குக் கைகொடுத்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. அப்படியிருந்தும் முகாமில் இந்தப் பரிசோதனை ஏன் வேண்டாம் என்கிறேன்?

என் நண்பருக்கு நடந்தது

குரோம்பேட்டைப் பக்கம் கடை வைத்திருந்த என் நண்பர் ஒருவர். பெயரைச் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். பல மாதங்களாக மலத்தில் இரத்தம் போனது. யாரிடமும் சொல்லவில்லை. நம் ரயில் பாதையோரச் சுவர்களில் ‘மூலம், பவுத்திரம்’ என்று விளம்பரம் எழுதியிருக்குமே, அப்படி ஓர் இடத்தில் மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்தே வியாபாரம் செய்கிறவனுக்கு மூலம் வராமல் என்ன வரும் என்பது அவர் கணக்கு.

மகன் வற்புறுத்தியதால் முழு உடல் பரிசோதனைக்குப் போனார். அந்தப் பட்டியலில் சி.இ.ஏ. பரிசோதனையும் இருந்தது. 2.1 என்று வந்தது. நார்மல். “எனக்குக் கேன்சர் இல்லேன்னு எழுதியே கொடுத்துட்டாங்க” என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த ரிப்போர்ட்டைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இரத்தம் போவதை அங்கே சொன்னீர்களா என்று பின்னாளில் அவரிடம் கேட்டேன். “ரத்தம் எடுக்க வந்த பையன்கிட்ட அதையெல்லாம் எப்படிச் சொல்றது?” என்றார். அவரை யாரும் கேட்கவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் வயிறு உப்பிக்கொண்டது. மலமும் போகவில்லை, காற்றும் போகவில்லை. அவசரமாக ஆபரேஷன் செய்து வயிற்றில் பை வைத்தார்கள். நோய் பரவிவிட்டிருந்தது. ஒரு வருடத்துக்குள் போய்விட்டார். இரத்தம் வந்த முதல் மாதமே கொலனோஸ்கோப்பி செய்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். அந்த நார்மல் ரிப்போர்ட் அவருக்குக் கொடுத்தது பொய்யான தைரியம்.

ஒரே தராசு, இரண்டு வேலை

அந்தப் பரிசோதனை நிலையம் தவறான எண்ணைக் கொடுக்கவில்லை. எண் சரிதான். அந்த எண்ணிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டதுதான் தவறு.

ஆரம்ப நிலையில் இருக்கும் குடல் புற்றுக்கட்டிகளில் பலவும் சி.இ.ஏ. அளவை உயர்த்துவதில்லை. சில பேருக்கு முற்றிய நிலையிலும் உயர்வதில்லை. மறுபக்கம், நோய் இல்லாதவர்களுக்கும் உயரலாம். புகை பிடிப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கல்லீரல் கெட்டிருந்தாலும், குடலில் அழற்சி இருந்தாலும் கூடும். நம் முகாமில் ஆயிரம் பேருக்கு இதைச் செய்தால், நோய் உள்ள சிலர் நார்மல் என்று வீட்டுக்குப் போவார்கள். நோய் இல்லாத பலர் பீடி குடித்த காரணத்துக்காக ஸ்கேனுக்கும் செலவுக்கும் அலைந்து, தூக்கத்தைத் தொலைப்பார்கள்.

நோய் உறுதியாகி ஆபரேஷன் முடிந்தவனுக்கு விஷயம் வேறு. என் பழைய எண் எவ்வளவு, இறங்கிய எண் எவ்வளவு என்று தெரியும். ஒரே ஆளின் எண்ணை அவனுடைய பழைய எண்ணோடே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பேரேட்டில் ஒரு கணக்கைத் தொடர்ந்து எழுதி வந்தால் வித்தியாசம் உடனே கண்ணில் படும். அறியாத கடையில் நுழைந்து ஒரே ஒரு நாள் வரவைப் பார்த்து லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியாது. அதனால்தான் நோயைத் தேடுவதற்கு சி.இ.ஏ. வேண்டாம், நோயாளியைக் கண்காணிக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் பிரித்து வைத்திருக்கிறது.

கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு குறிப்பு: ஒவ்வொரு முறையும் ஒரே பரிசோதனை நிலையத்தில் பாருங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் சற்று மாறும். வாங்கும்போது ஒரு தராசு, விற்கும்போது ஒரு தராசு என்றால் கணக்கு எப்படி நேராகும்?

புதிய பரிசோதனைகள்

இப்போது வேறு வகை இரத்தப் பரிசோதனைகளும் வந்துவிட்டன. கட்டியிலிருந்து உதிர்ந்து இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடுபவை இவை. அமெரிக்காவில் 2016-ல் எபி புரோகோலன் என்பதற்கும், 2024 ஜூலையில் ஷீல்டு என்பதற்கும் குடல் புற்றுநோய் தேட அனுமதி கொடுத்தார்கள். நம் நாட்டில் பெங்களூரின் ஸ்ட்ராண்ட் லைஃப் சயன்சஸ் நிறுவனம், பல வகைப் புற்றுநோய்களைத் தேடும் கேன்சர்ஸ்பாட் என்ற பரிசோதனையை 2024 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது.

ஷீல்டு பற்றிய ஆய்வு 2024-ல் வெளியானது. குடல் புற்றுநோய் உள்ள 100 பேரில் சுமார் 83 பேரை அது கண்டுபிடித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் முற்றிய நோயோ பெரிய பாலிப்போ இல்லாதவர்களில் 100-க்கு சுமார் 10 பேருக்கு இருப்பதுபோல் காட்டியது. புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்களில் 100-க்கு 13-ஐத்தான் கண்டது. பாலிப் என்பது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். அந்தக் கால அவகாசத்தில் கொலனோஸ்கோப்பி செய்து வெட்டி எடுத்துவிட்டால் நோயே வராது. வந்தபின் பிடிப்பதைவிட வராமல் தடுப்பது மேல் அல்லவா?

ஆபரேஷனுக்குப் பிந்திய கண்காணிப்பில் இந்த டி.என்.ஏ. பரிசோதனை நம்பிக்கை தருகிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் நிலை பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன 455 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. இரத்தத்தில் துணுக்கு இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து ஏற்றியபோது, வழக்கமான முறையில் 100-க்கு 28 பேர் பெற்ற மருந்து 15 பேருக்கு மட்டுமே தேவைப்பட்டது. நோய் திரும்பாமல் இருப்பதில் இரண்டு ஆண்டு முடிவில் குறை ஏதும் இல்லை. விரல் மரத்துப்போன எனக்கு இதன் அருமை தெரியும். விலைதான் இன்னும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நம் நாட்டில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கர்ப்பப்பைவாய் ஆகிய மூன்றைத்தான் முக்கியமாகத் தேடுகிறது. குடலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் முகாமுக்கு என் யோசனை இது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஹீமோகுளோபினும், மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் பரிசோதனையும் செய்வோம். இம்யூனோ முறையில் செய்வது என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பத்தியம் எதுவும் இல்லை. வீட்டிலேயே சிறு குழாயில் எடுத்துக் கொடுத்தால் போதும். இது ஆண்டுக்கு ஒரு முறை. இரத்தம் இருப்பதாக வந்தவர்களைச் சங்கமே தொடர்ந்து கவனித்துக் கொலனோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டும். துணைக்கு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். முந்தைய நாள் மருந்து குடித்து வயிற்றைச் சுத்தம் செய்வதுதான் சிரமம். கடைக்கு ஒன்றரை நாள் விடுப்பு. நம் கடை அதற்காக மூழ்கிவிடாது.

கீழ்க்கண்டவை இருந்தால் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள்: மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப் பழக்கம், காரணமில்லாமல் எடை குறைதல், நீங்காத வயிற்று வலி, இரத்தசோகை. பழைய மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இந்த அறிகுறிகள் இருக்கும்போது எந்த இரத்தப் பரிசோதனையின் நார்மலையும் நம்பி உட்கார வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது இந்த நோய் இருந்தால் நாற்பது வயதிலேயே டாக்டரைக் கேட்க வேண்டும். என் மகன்கள் இருவரையும் அனுப்பியிருக்கிறேன்.

1985 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கு ஒரு சிறு பாலிப்பை எடுக்கப் போனபோது பெருங்குடலில் பெரிய புற்றுக்கட்டி தெரிந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். அதன்பின் ஜனாதிபதி பதவியை முடித்து, 2004 வரை, 93 வயது வரை வாழ்ந்தார். பணக்கார நாட்டு ஜனாதிபதி, அவருக்கு எல்லாம் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நமக்கு ஒரு மணி நேர தூரம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தகுதியுள்ளவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கடைப் பையன்களுக்கு அந்த அட்டை இருக்கிறதா என்று முதலாளிகள் பார்த்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மறைத்தால் வளரும்

நம் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால்தான் சானட்டோரியம் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்தது. என் சிறு வயதில் அந்த வழியாகப் போகும்போது பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வீட்டில் ஒருவருக்கு இருமலில் இரத்தம் வந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மறைப்பார்கள். மறைத்தவர்கள் பலர் பிழைக்கவில்லை. இன்று காசநோய் என்று சொல்லி மருந்து வாங்கிச் சாப்பிட்டுக் குணமாகிறார்கள்.

மலத்தில் இரத்தம் என்பதும் அப்படித்தான். நானும் வெட்கப்பட்டவன்தான். மலப் பரிசோதனைக் குழாயை மனைவியிடம் கூடக் காட்டாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். இன்று சங்கப் பத்திரிகையில் எழுதுகிறேன். என் நண்பருக்காகத்தான் எழுதுகிறேன். அவர் கடை இப்போது வேறு ஒருவர் கையில் இருக்கிறது.

அடுத்த செயற்குழுவில் முடிவு எடுக்கும்போது இதை மனதில் வைத்து வாக்களியுங்கள். உறுப்பினர்கள் யாருக்காவது தனியாகக் கேட்க வேண்டியது இருந்தால், மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. உள்ளே உட்கார்ந்து பேசலாம்.